வழி சொல்கிறவள்

வாடகைக் காரிலிருந்து இறங்கும்போது கண்ணாடிக்காரர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் கார்க் கதவின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்.

"இது மாத்துன கண்ணாடி. கம்பெனி கண்ணாடி இல்ல," என்றார் ஓட்டுநரிடம். நாக்கு கொஞ்சம் குழறியது.

ஊசி போட்டு மயக்கி, பின்பக்கமாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்த்து, வயிறு முட்டக் காற்றையும் அடைத்து அனுப்பியிருந்தார்கள். மனுஷனுக்கு நடை தள்ளாடுகிறது, பேச்சு தள்ளாடுகிறது, தொழில்புத்தி மட்டும் நேராக நிற்கிறது. ஓட்டுநர் சிரித்தார். பின்சீட்டிலிருந்து பையோடு இறங்கிய நாத்தனாரும் சிரித்தாள். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கணவரின் முழங்கையைப் பிடித்து, சாக்கடை மூடியைத் தாண்ட வைத்து, கடைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

முன்னால் கடை, பின்னால் வீடு. கடையில் இரண்டு பக்கமும் மரச் சட்டங்களில் கண்ணாடிகள் சாய்ந்து நின்றன, அடியில் பழைய கம்பளம் விரித்து. சலூன்காரருக்கு வெட்டி வைத்த பெரிய முகக்கண்ணாடி ஒன்று தனியாக, சாக்கால் மூடி நின்றது. வாரக் கணக்காக நிற்கிறது. கண்ணாடிக்காரருக்கு உடம்பு சரியில்லாததால்தான் அது தெருவைக் கடந்து போகாமல் கிடக்கிறது. வெளியே தூறலும் காற்றும். காற்று வீசுகிற நாளில் இந்தக் கடையில் யாரும் கண்ணாடியைத் தூக்குவதில்லை.

"அதை நாளைக்குக் கொண்டு போயிரணும்," என்றார் சாக்கைப் பார்த்து.

"மொதல்ல உள்ள போய்ப் படுடா. ஊதி வச்ச பலூன் மாதிரி இருக்க," என்றாள் அக்காக்காரி. "காத்து பிரியணும்னு நர்ஸ் சொல்லியிருக்கா. வெக்கப்படாத. இங்க யாரும் வேத்து மனுஷங்க இல்ல."

"எங்கக்கா, வர மாட்டேங்குதே."

"வரும் வரும். வேணாங்கறப்பெல்லாம் வந்துச்சு. வேணுங்கறப்ப கொஞ்சம் பிகு பண்ணும்."

முந்தின நாள் குடலைக் காலி செய்ய மருந்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக அவர் நடந்த நடையை வைத்து நாத்தனார் இன்னும் கொஞ்ச நேரம் கேலி பண்ணினாள். பிறகு கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போனாள். வாய்தான் நீளமே தவிர, தம்பிக்கு ஒன்று என்றால் ஓடி வந்து நிற்கிறவள்.

மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டாள். அவளுக்கு அவரை நினைத்து ஆச்சரியமாக இருந்தது. ஆஸ்பத்திரியில், மயக்கம் தெளிந்து எழுந்து உட்கார்ந்தவரிடமும் அவளிடமும் டாக்டர் சேர்த்துத்தான் சொன்னார். உள்ளே கட்டி இருக்கிறது. பெரியது. குழாய் அதைத் தாண்டிப் போகவே இல்லை. கொஞ்சம் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், ஆனால் பார்த்த வரைக்கும் நல்லதாகத் தெரியவில்லை, திங்கட்கிழமை ஆபரேஷன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அவ்வளவையும் கேட்டுவிட்டு, "சரிங்கய்யா," என்று தலையாட்டினாரே. "எழுந்து நடக்கலாமாங்கய்யா?" என்றுகூடக் கேட்டாரே. அவர் அப்படி இருந்ததைப் பார்த்துத்தான் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறினாள். நாத்தனாருக்கு இன்னும் தெரியாது. டாக்டர் பேசும்போது அவள் அந்தப் பக்கம் நர்சிடம் மருந்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்காரர் கண்ணைத் திறந்தார்.

"ஆமா, டாக்டர் என்ன சொன்னாரு?"

அவளுக்குக் கை நின்றுவிட்டது.

"என்னங்க கேக்கறீங்க?"

"டாக்டர் வந்தாரா? பாத்தாரா? என்ன இருக்காம்?"

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. நிஜமாகவே தெரியாத முகம். அவளுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. இந்த வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அதற்கு அவர்கள் செய்கிற தொழில்தான் காரணம்.

பெரிய கண்ணாடியை அவர்கள் இரண்டு பேரும்தான் தூக்குவார்கள். வேறு ஆள் வைத்ததில்லை. அவர் பின்னோக்கியே நடப்பார், அவள் முன்னோக்கி நடப்பாள். அவருக்குக் கண்ணாடி வளைகிறதா, முனை இடிக்கிறதா என்று பார்க்கிற வேலை. அவளுக்கு ரோட்டைப் பார்த்துச் சொல்கிற வேலை. பள்ளம் என்றால் பள்ளம், சைக்கிள் என்றால் சைக்கிள், படுத்திருக்கிற நாய் என்றால் நாய். பார்த்ததை உடனே சொல்லிவிட வேண்டும். கண்ணாடி கையில் இருக்கும்போது வழியைத் தவிர வேறு பேச்சு கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை, கீழே கிடந்த செங்கலைத் தாண்டிவிடுவார் என்று அவள் சொல்லாமல் விட்டாள். அவர் உள்ளங்கையில் குறுக்கே ஓடுகிற தழும்பு அன்றைக்கு வந்தது. ரத்தத்தோடு நின்றபோதும் திட்டவில்லை. "பாக்குறவ நீ. நீ சொன்னாத்தான் எனக்கு ரோடு," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவள் எதையும் சொல்லாமல் விட்டதில்லை.

ஆகவே சொன்னாள். கட்டி என்பதையும், நல்லதாகத் தெரியவில்லை என்பதையும், திங்கட்கிழமையையும்.

அவர் அவள் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

"நீ யாரோட தூக்குவ?" என்றார்.

"என்னது?"

"கண்ணாடிய. நான் இல்லேன்னா நீ யாரோட தூக்குவ? தனியா ஆகாதே."

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க."

"ரத்தம் போனது ரொம்ப நாளாவே தெரியும். மூலம்னு நெனச்சேன். உன்கிட்ட சொன்னா நீ பயப்படுவேன்னு, மெடிக்கல்ல களிம்பு வாங்கிப் போட்டுட்டுக் கம்முனு இருந்துட்டேன். உன்னை மட்டும் எல்லாத்தையும் சொல்லுன்னேன். நான் சொல்லல பாரு." கண் ஓரத்தில் நீர் இறங்கி காதுப்பக்கம் போனது. "தப்புப் பண்ணிட்டேன்."

அப்படியே தூங்கிப்போனார்.

அவள் அடுப்படிக்குப் போய் நாத்தனாரிடம் சொன்னாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

வெயில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தது. கடையில் சாய்ந்திருந்த கண்ணாடிகள் வழியாக வந்து, உள்ளறைச் சுவரில் கட்டம் கட்டமாக விழுந்தது. அவர் விழித்துக்கொண்டார். அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"இப்பத்தானே சொன்னேன்."

"எப்ப சொன்ன? நான் இப்பத்தானே முழிக்கிறேன்."

கையைப் பிடித்துக்கொண்டு அழுதது, தப்புப் பண்ணிட்டேன் என்றது, எதுவுமே அவரிடம் இல்லை. அவளிடம் மட்டும்தான் இருந்தது. இரண்டாம் முறையும் சொன்னாள். எங்கே தயங்க வேண்டும், எந்த வார்த்தையைச் சீக்கிரம் தாண்ட வேண்டும் என்று இந்த முறை அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்திருப்பதே அவளுக்குக் கேவலமாகப் பட்டது.

இந்த முறை அவர் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. போர்வையை இரண்டு கையாலும் இழுத்து வாயருகே வைத்துக்கொண்டார்.

"எங்கப்பா சாகக் கெடந்தப்ப கத்துனது இன்னும் காதுல இருக்கு. இதே ரூம்தான். எனக்குப் பயமா இருக்குடி. நெஜமா பயமா இருக்கு. என்னை எங்கயும் கூட்டிட்டுப் போகாத. ஆபரேஷன்லாம் வேணாம். கதவைச் சாத்து."

பனை உயரக் கட்டிடங்களில் வெளிப்பக்கம் தொங்கி ஜன்னல் கண்ணாடி மாட்டிய மனுஷன். அவள் பக்கத்தில் படுத்து, குழந்தையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டாள். நடுக்கம் மெதுவாகக் குறைந்து, மூச்சு சீராகி, மறுபடியும் தூங்கினார்.

"இன்னொரு தடவை கேட்டா நான் என்ன பண்றது அண்ணி?" என்றாள் வெளியே வந்து. "ஒவ்வொரு தடவையும் புதுசா கேக்கறாரு. ஒவ்வொரு தடவையும் புதுசா உடையறாரு. நான் எத்தனை தடவ கொல்றது?"

நாத்தனார் மூக்கைச் சிந்திவிட்டு, அப்போதுதான் ஞாபகம் வந்தவளாக நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நர்ஸ் சொன்னாம்மா! நான் ஒரு கூறு கெட்டவ, உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். அந்த ஊசிக்கு அப்படித்தானாம். இன்னிக்குப் பேசறது எதுவும் மண்டையில நிக்காதாம். முக்கியமான சமாச்சாரம் எதுவும் இன்னிக்குப் பேசாதீங்க, நாளைக்குப் பேசுங்கன்னா."

"எதுவும் நிக்காதா?"

"நிக்காதாம்."

அவள் ஆறிய கஞ்சியைச் சுட வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது. அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள்.

"டாக்டர் என்னதான் சொன்னாரு?"

எதுவும் நிற்கப் போவதில்லை. நாளைக்குக் காலையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். இந்த ஒரு சாயங்காலம் அவர் நன்றாக இருந்துவிட்டுப் போகட்டும். எப்படியும் மறக்கப்போகிற ஒன்றைக் கொடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

"ஒண்ணுமில்லையாங்க," என்றாள். "எல்லாம் சுத்தமா இருக்காம். மூலம்தானாம்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அவள் கஞ்சியைக் கலக்குகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல."

அவர் மூச்சை விட்டார். அதோடு, காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த காற்றும் ஒருவழியாகப் பெரிய சத்தத்தோடு பிரிந்தது. அடுப்படியிலிருந்து நாத்தனார், அழுத மூக்கோடு, "வந்துட்டான்யா ராசா!" என்று கத்தினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். அழுகையை மறைக்க அதைவிட நல்ல வழி அவளுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார். கடைக்குப் போய் சாக்கை விலக்கி, சலூன் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். அதில் தன் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் வாயில் ஒரு பாட்டு முணுமுணுத்தது. அவள் அறைக்கதவில் சாய்ந்து நின்று ஆசை தீரப் பார்த்தாள்.

காலையில் ஷட்டர் தூக்குகிற சத்தத்தில் அவள் விழித்தாள். கடையில் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில், தூர ஊரில் கட்டிக்கொடுத்த மகள்.

"ஒண்ணுமில்லம்மா. சுத்தமா இருக்காம். நேத்து சாயங்காலம் உங்கம்மா சொன்னா. நான்தான் கண்டதையும் நெனச்சுப் பயந்து செத்துட்டேன்."

ஊசியின் வேலை எப்போது தீர்ந்தது? கஞ்சிக்கு முன்னாலா? சொன்ன உண்மை இரண்டும் தண்ணீரில் எழுதியதாகப் போய்விட்டது. சொன்ன பொய் மட்டும் நின்றுவிட்டது.

"இரு, அம்மாகிட்ட தர்றேன்."

போனில் மகள் அழுதுகொண்டிருந்தாள். "அம்மா, நெஜமாவாம்மா? நான் ராத்திரி தூங்கவே இல்லம்மா. நெஜமாவே ஒண்ணுமில்லையா?"

அவர் எதிரிலேயே நின்று, சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்," என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

போனை வைத்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் எதிர்ச் சாரியிலிருந்து சலூன்காரர் கடையைத் திறந்துகொண்டு கூவினார்: "என்ன, உடம்பு எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லையாம்ப்பா! உன் கண்ணாடி இப்ப வந்துரும்!"

"வரட்டும் வரட்டும். உடைஞ்ச கண்ணாடியில பாத்துப் பாத்து, வர்றவனெல்லாம் ரெண்டு தலைக்குக் காசு கேப்பேனோன்னு பயப்படறான்."

"இன்னிக்குத் தூக்க வேணாங்க," என்றாள் அவள். "உள்ள கிள்ளியிருக்காங்க. கனம் தூக்கக் கூடாது."

"ஒண்ணுமில்லாத இடத்துல எதுக்குக் கிள்றாங்க?" என்றார் சாதாரணமாக.

உள்ளேயிருந்து வந்த நாத்தனாருக்கு நடந்தது புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய், "பக்கத்து வெல்டிங்காரன் பையன்களக் கூப்பிடறேன்டா. ரெண்டு ஆள் வந்து தூக்கட்டும்," என்றாள்.

"கண்ணாடிக்கு ரெண்டு ஆள் போதாதுக்கா. ஜோடி வேணும்," என்றார். டயர் டியூபில் வெட்டிய ரப்பரை உள்ளங்கைக்கு மாட்டிக்கொண்டார். அவளுடையதை எடுத்து அவளிடம் நீட்டினார். காற்று நின்றிருந்தது. தூறல் இல்லை. மறுப்பதற்கு வானம்கூட ஒரு காரணம் தரவில்லை.

தூக்கினார்கள். கண்ணாடி இரண்டு பேருக்கும் நடுவில் நெட்டாக நின்றது. அவர் தெருவுக்கு முதுகைக் காட்டி, அவள் பக்கம் பார்த்து, பின்னால் அடி வைத்தார்.

"கடைப் படி," என்றாள் அவள். "எறங்குங்க. சாக்கடை மூடி. தாண்டுங்க. இப்ப ரோடு."

அவர் கண் கண்ணாடியின் மேல் விளிம்பில் ஓடி, அவள் முகத்துக்கு வந்தது. அவள் இதைத்தான் மறந்திருந்தாள். இத்தனை வருஷமும் அவர் ரோட்டை அவள் வாயிலிருந்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. அவள் வாயைத் திறக்கும் முன்பே அவள் கண் சுருங்குவதைப் பார்த்துக் காலை நிறுத்தியிருக்கிறார். கையில் கண்ணாடி இருக்கும்போது அவளுக்குக் குனிந்துகொள்ளவும் முடியாது, முந்தானையை எடுக்கவும் முடியாது.

நடுத்தெருவில் அவர் நின்றார்.

"என்ன இருக்கு முன்னால?"

"ஒண்ணுமில்ல. ரோடு காலியா இருக்கு. வாங்க."

"இல்ல. உன் முகத்துல ஏதோ இருக்கு. பள்ளமா?"

"இல்லங்க."

"அப்புறம் ஏன் இப்படிப் பாக்குற?" குரல் தணிந்தது. "சொல்லு. பாக்குறவ நீதானே."

அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அந்த நடுக்கம் கண்ணாடி வழியாக அவர் கைக்குப் போனது. அவர் பிடியை இறுக்கினார்.

"கட்டி இருக்குங்க," என்றாள். கண்ணிலிருந்து கொட்டியது, துடைக்கக் கை இல்லை. "நேத்து நான் சொன்னது பொய். பெருசா இருக்காம். குழாய் தாண்டவே இல்லையாம். நல்லதா தெரியலன்னாரு. திங்கக்கிழமை ஆபரேஷன் டாக்டரப் பாக்கணும். உங்களுக்கு மறந்துரும்னு நெனச்சுப் பொய் சொல்லிட்டேன். ஒரு சாயங்காலம் சிரிக்கட்டும்னு நெனச்சேன். மறக்காதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு அவர்களைச் சுற்றிப் போனது. அவர் நகரவில்லை. இரண்டு பேரில் யாராலும் உட்கார முடியாது, கையைப் பிடித்துக்கொள்ள முடியாது, மார்பில் அடித்துக்கொள்ள முடியாது. விட்டால் கண்ணாடி போய்விடும். கண்ணாடியில் ஒரு பக்கம் முழுக்க மேகம் நின்றது.

அவருக்குள்ளிருந்து எந்த மனுஷன் வரப்போகிறான் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். நீ யாரோட தூக்குவ என்று கேட்டவனா? போர்வையை வாயில் வைத்துக்கொண்டவனா?

"நேத்து நான் முன்னாடியே கேட்டேனா?" என்றார்.

"ரெண்டு தடவ கேட்டீங்க. ரெண்டு தடவையும் உண்மையத்தான் சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"மொதல்ல, என்னைப் பத்திக் கேட்டீங்க. நான் யாரோட தூக்குவேன்னு."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "ரெண்டாவது?"

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்குள்ளேயே புதைந்து போயிருக்கும். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்குன்னு சொன்னீங்க. அப்பா கத்துனத சொன்னீங்க. கதவச் சாத்தச் சொன்னீங்க."

"சாத்தினியா?"

"இல்லங்க. உங்க பக்கத்துல படுத்துக்கிட்டேன்."

அவர் தலையாட்டினார். முகம் ஒரு தடவை கோணி, நேராகியது.

"ரெண்டும் நான்தான்," என்றார். "இனிமே மறக்காது. நீயும் இனிமே பாத்தத சொல்லிரு. எவ்வளவு பெரிய பள்ளமா இருந்தாலும் சொல்லிரு. நானும் மறைக்க மாட்டேன்."

"சரிங்க."

"புள்ளைக்கு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"ரெண்டு பேரும் சொல்லுவோம்." சலூன் வாசலில் பழைய கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சலூன்காரர் இவர்கள் ஏன் நடுரோட்டில் நிற்கிறார்கள் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடை வாசலில் நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் ரப்பர் மாட்டிய கையைக் கொஞ்சம் மேலே நகர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"கை வலிக்குது. நட," என்றார். "வழியச் சொல்லு."

அவளுக்கு ரோடு கலங்கலாகத் தெரிந்தது. கண்ணை இறுக மூடித் திறந்தாள். தண்ணீர் கன்னத்தில் இறங்கியதும் ரோடு தெரிந்தது.

"வாங்க," என்றாள். "கொஞ்சம் எடது பக்கம். கல்லு கெடக்கு, தாண்டுங்க. இன்னும் வாங்க. மெதுவா. படி வருதுங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடியே காலைப் பின்னால் தூக்கி, படியைத் தேடினார்.